கார்டில் கேட்ட மன்னிப்பு

(அஞ்சல் அட்டை)

வேம்புலி அம்மன் துணை

பருத்திப்பட்டு
20.6.1988

அன்புள்ள தங்கை ஷம்ஷாத்துக்கு கெங்கம்மாள் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி பஸ்ஸில் உன்னையும் ஜரினாவையும் காணவில்லை. அடுத்த பஸ்ஸையும் பார்த்துவிட்டுத்தான் ஆவடிக்கு ஏறினேன். அதற்கு முந்தின ஞாயிறு ரீசனிங் வகுப்பில், நீ உன் பெரியத்தா மகன் அன்வர் பாஷாவைக் கட்டிக்கொள்ளப் போவதை மனதில் வைத்து, "அண்ணனையே கட்டிக்கிறவங்க வேணும்னா யோசிச்சு சொல்லட்டும்" என்று நான் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் உனக்குக் கோபமாக இருக்கும். விளையாட்டாக வாயில் வந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளாதே. பேங்க் பரீட்சை ஆகஸ்ட் கடைசியில். நான் துணைக்கு வருவதால்தான் உன் அத்தா உன்னை அனுப்ப ஒப்புக்கொண்டார். நேற்று பக்தவத்சலம் சார் திசைக் கேள்விகள் நடத்தினார். உனக்கும் சேர்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு கட்டாயம் வா. இடம் இல்லை, நிறுத்துகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு உன் அக்கா,
கெங்கம்மாள்


786

பூந்தமல்லி
25.6.1988

கெங்கம்மாள் அக்காவுக்கு,

உங்கள் கார்டு வந்தது. என் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் காம்பவுண்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

போஸ்ட்மேன் அதைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா என்றால் அன்வர் மச்சானின் அம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. யாருக்கு என்ன உடம்போ என்று பயந்து, பக்கத்துப் போர்ஷன் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அந்தப் பெண் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, குழாயடியில் நின்று, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நீங்கள் எழுதிய அந்த வார்த்தையையும் படித்தாள். அத்தா அப்போதுதான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மச்சான் அம்பத்தூர் கம்பெனிக்குப் போகச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று சொல்கிறேன் அக்கா. அந்தக் கார்டு வரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ஜரினா அன்றைக்குக் கீழே டைப் வகுப்பை முடித்துவிட்டு மாடிக்கு வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தாளே, அவள் காதில் எல்லாம் விழுந்தது. நீங்கள் சொன்னது அவள் சொந்த அண்ணனைப் பற்றி. பதினாறு வயதுப் பெண். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். வீட்டிலும் சொல்லவில்லை. மறு ஞாயிறு நானேதான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஒருவேளை வந்திருப்பேன். அவள் மூடி வைத்ததை நீங்கள் மன்னிப்புக் கேட்கிறேன் என்று திறந்துவிட்டீர்கள்.

பெரியம்மா அழுகிறார். "நம்ம ஊட்டுக் கல்யாணத்த வச்சி ஆவடி வரைக்கும் சிரிக்கிறாங்களே" என்கிறார். அத்தா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்: "போதும்மா படிச்சது." ஜரினாவின் டைப்பும் நின்றுவிட்டது. அவள் என்ன செய்தாள்?

நீங்கள் எங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு சிரித்திருந்தால்கூட ஒரு விதம். எங்களில் பெரியத்தா மகன் அண்ணன் இல்லை. ஒரே தாயிடம் பால் குடித்திருந்தால்தான் விலக்கு. தாய்மாமன்தான் எங்களுக்கு அத்தாவுக்குச் சமம். அவர் முன்னால் முக்காடுகூடப் போட வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் அம்மாவின் தம்பியைக் கட்டிக்கொண்டதாக பஸ்ஸில் சொன்ன அன்று எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "அவருக்கு நைட் ஷிஃப்ட் உண்டா அக்கா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். இதுவரை எங்கள் வீட்டில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

எனக்கு இந்தப் பரீட்சை பொழுதுபோக்கு இல்லை. அத்தாவுக்குப் பஞ்சுத் தூசு நெஞ்சில் இறங்கிவிட்டது. மெத்தைக்குப் பஞ்சு அடிக்கும் வில்லைக் கையில் எடுத்தால் இருமல் நிற்பதில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடு. இந்த வேலை கிடைத்தால் கடையை மூடச் சொல்லலாம் என்று இருந்தேன். உங்களிடம் மட்டும்தான் அதையும் சொல்லியிருந்தேன்.

ஷம்ஷாத்


வேம்புலி அம்மன் துணை

பருத்திப்பட்டு
30.6.1988

என் தங்கை ஷம்ஷாத்துக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து மறுபடி படித்தேன். மாமா டூட்டி முடிந்து வந்து, "இன்னா கெங்கா, மூஞ்சி இப்படிக் கீது? ஊர்ல எதனா?" என்று கேட்டார். கையில் கொடுத்துவிட்டேன். அவரைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தையும் மறைக்கவில்லை. படித்து முடித்து மடித்துக் கொடுத்து, "நீ பண்ணதுக்கு இந்தப் பொண்ணு கொஞ்சமாத்தான் திட்டிக்கீது" என்றார்.

நான் எதற்குக் கார்டு வாங்கினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கு எழுதினாலும் கார்டுதான். ஊரில் சாவு, வாழ்வு எல்லாம் கார்டில்தான் வரும், போகும். இன்லண்டு வாங்குவது வீண் செலவு என்றே பழகிவிட்டேன். மளிகைச் செலவில் மிச்சம் பிடித்துப் பிடித்து, பிடிக்கக்கூடாத இடத்திலும் பிடித்திருக்கிறேன். எழுதும்போது இதை வேறு யாராவது படிப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு சின்ன எழுத்தில் இவ்வளவு விஷயம் எழுதிவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டுதான் தபால் பெட்டியில் போட்டேன்.

விளையாட்டாக வந்துவிட்டது என்று அதில் எழுதினேன். அது பொய். எப்படி வந்தது என்று சொல்கிறேன். சொன்னால் உன் கோபம் குறையும் என்பதற்காக இல்லை.

அன்றைக்கு உறவுமுறைக் கேள்விகள். உனக்கு முந்தின கேள்வி எனக்கு வந்தது, நினைவிருக்கிறதா? ஒருவரைக் காட்டி ஒரு பெண், "இவர் என் தாயைப் பெற்றவளுக்கு ஒரே மகன்" என்கிறாள், அவர் அவளுக்கு என்ன முறை என்று சார் போர்டில் எழுதிவிட்டு, "கெங்கம்மாள், நீ சொல்லும்மா" என்றார். என் அம்மாவைப் பெற்றவளுக்கு ஒரே மகன் யார்? மாமா. நான் தினமும் சோறு போடுகிற ஆள். யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று, "வீட்டுக்காரர் சார்" என்றேன்.

சிரிப்பு ஆரம்பித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஆப்ஷன்லயே இல்லியே மாமே" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். முன்னால் இருந்த காலேஜ் பெண் ஒருத்தி திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "சொந்த மாமனையேவா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் இது கௌரவமான சம்பந்தம். அக்காள் பெண்மேல் தம்பிக்கு இல்லாத உரிமை யாருக்கு என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மாடியில் அது ஏதோ அசிங்கம் மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தேன். காதெல்லாம் சூடு. பத்தாவதோடு நின்றவள், பிளஸ் டூவைத் தனியாக எழுதித் தேறி, சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோமே என்கிற கூச்சம் ஏற்கெனவே எனக்கு உண்டு. சிரிப்பு என்மேலிருந்து எப்படியாவது இறங்க வேண்டும் என்று இருந்தது. அப்போது அடுத்த கேள்வி வந்தது: "இவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே தாயின் பிள்ளைகள்." சார் உன்னைக் கேட்டார். நீ ஒரு நொடி தயங்கினாய். அந்த ஒரு நொடியில் நான் சிரிப்பை உன் தலையில் தூக்கி வைத்துவிட்டேன். உன் கல்யாண விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது தெரிந்தேதான் செய்தேன்.

நீ பையை எடுத்துக்கொண்டு போன பிறகு சார் என்னைப் பார்த்து, "உன் விடையும் தப்பும்மா. அண்ணன் இல்லை, கசின்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

நேற்று கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்று என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் எனக்குத் தூக்கம் வரும், உனக்கு என்ன வரும்? விளக்குப் போடாமலேயே திரும்பிவிட்டேன்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடமும் உன் அத்தாவிடமும் நேரில் பேசலாமா? நீ சரி என்றால் வருகிறேன். திசைக் கேள்விகளையும், போன வாரம் நடத்திய எழுத்து மாற்றுக் கேள்விகளையும் தனித்தாளில் எழுதிக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறேன்.

கெங்கம்மாள்


786

பூந்தமல்லி
6.7.1988

அக்காவுக்கு,

வர வேண்டாம். இப்போதுதான் குழாயடியில் பேச்சு அடங்கியிருக்கிறது. நீங்கள் வந்தால் மறுபடி கூட்டம் கூடும்.

மற்றவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவில்லை. நான் அப்போது உங்கள் கேள்விக்கு விடையைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். 'மாமா' என்று எழுதினேன். அதில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை.

தாள்களைப் பார்த்தேன். திசைக் கேள்விகள் புரிகின்றன. கைடில் வேறொரு பகுதியில் மாட்டிக்கொண்டேன். கேட்க ஆள் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். "எல்லாக் கிளிகளும் பேனாக்கள். எல்லாப் பேனாக்களும் மேசைகள். ஆகவே எல்லாக் கிளிகளும் மேசைகள்." இதைச் சரி என்று எப்படிப் போடுவது? கை வரமாட்டேன் என்கிறது. ஜரினா, "மேச மேல கிளி உக்காரும், அதுக்குன்னு கிளியே மேசயா?" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

பரீட்சைக்கு அத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. ஹால் டிக்கெட் வந்தால் வரட்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷம்ஷாத்


வேம்புலி அம்மன் துணை

பருத்திப்பட்டு
18.7.1988

அன்புத் தங்கைக்கு,

முதலில் உன் கேள்வி. அது சரிதான். எனக்கும் முதலில் கை வரவில்லை. கிளி பேனா என்று எழுதிக் கொடுத்திருக்கிறானே, இது பொய்யில்லையா, பொய்க்குச் சரி என்று குறி போடலாமா என்று சாரிடமே கேட்டேன். அவர், "கேள்விக்காரன் குடுத்ததை மட்டும் வச்சுக்கோம்மா. உங்க ஊட்டுக் கிளியைத் தூக்கிக்கினு இங்க வராதே" என்றார். முதல் வரியில் உள்ளது இரண்டாவதில் முழுக்க அடங்கி, இரண்டாவது மூன்றாவதில் முழுக்க அடங்கினால், முதலாவது மூன்றாவதில் அடங்கித்தான் ஆக வேண்டும். டம்ளரைச் சொம்புக்குள் போட்டு, சொம்பைக் குடத்துக்குள் போட்ட மாதிரி. 'சில' என்று வந்தால் மட்டும் நின்று யோசி. சில கிளிகள் பேனா, சில பேனாக்கள் மேசை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்லப் பயமாக இருக்கிறது. நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வீட்டுக்குத்தான் வர வேண்டாம் என்றாய் என்று எனக்குச் சாதகமாக அர்த்தம் பண்ணிக்கொண்டு, நேற்று மாமாவைக் கூட்டிக்கொண்டு உன் அத்தாவின் கடைக்குப் போனேன்.

உன் அத்தா வில்லால் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் துணி கட்டியிருந்தார். வேலைக்காரர் ஒருவர் பின்னால் தலையணை தைத்துக்கொண்டிருந்தார். மாமாதான் ஆரம்பித்தார்.

"சலாம் பாய். இந்தப் பொண்ணுதான் அந்தக் கார்டு எழுதினது. ஒரு தப்புப் பண்ணிட்டு வந்து நிக்குது."

உன் அத்தா துணியை அவிழ்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "ஒக்காருங்க. நீங்க இவங்களுக்கு இன்னா ஆவணும்?"

"தாய்மாமன் பாய். எங்க அக்கா பொண்ணு."

"அப்ப சரி. பெரியவங்களாப் பாத்து கூட்டிக்கினு வந்துகீறீங்க. மாப்பிள்ள வர்லியா? டூட்டியா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஷம்ஷாத், எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. ஒருநாளும் அவரை என் கணவர் என்று சொல்ல நான் கூசியதில்லை. நேற்றுக் கூசினேன். அவர் எவ்வளவு கூசினார் என்று தெரியவில்லை, ஆனால் சொன்னார்.

"நான்தான் பாய் மாப்பிள்ள."

பின்னால் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியோடு தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதை நான் பார்த்தேன். அது வெளியில் வருவதற்குள் உன் அத்தா அவர் பக்கம் திரும்பி, "இன்னாபா வேடிக்க? ஒறயப் பாரு, கோணிக்கினு போவுது" என்று அதட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "டீ சாப்புடுவீங்க இல்ல? சக்கர போடலாமா?" என்றார். அவ்வளவுதான். குழந்தை எத்தனை என்று கேட்டார். ஒரு பெண் என்றார் மாமா. "நல்லா இருக்கட்டும்" என்றார்.

நான் வகுப்பில் உனக்காகச் செய்யாததை அவர் தன் கடையில் செய்தார்.

கடைசியில் நானே வாயைத் திறந்தேன். "பாய், நான் சொன்னது தப்பு. எழுதினது அதவிடத் தப்பு. ஷம்ஷாத்தப் பரீட்சைக்கு அனுப்புங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார்: "எழுத்து மணிமணியாக் கீதுன்னு படிச்ச பொண்ணு சொல்லிச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. கண்ணுல பட்டிருந்தா மூடிக்கலாம். காதுல உயுந்ததுக்கு இன்னா பண்றது?" பரீட்சையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வில்லை எடுத்துக்கொண்டார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பஸ்ஸில் மாமா, "நல்ல மன்ஷன்" என்று ஒருதரம் சொன்னார்.

நீ சொன்னதை மீறிப் போனதற்குத் திட்டு.

கெங்கம்மாள்


786

பூந்தமல்லி
2.8.1988

அக்காவுக்கு,

திட்டத்தான் நினைத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் வந்து போனதை அத்தா வீட்டில் சொல்லவே இல்லை. உங்கள் கடிதம் வந்துதான் எனக்கே தெரிந்தது. நானும் கேட்கவில்லை. ஹஜ் பெருநாள் முடிந்து, போன வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து சாப்பிடும்போது கேட்டார்கள்.

"அந்தக் கார்டு எய்தின அம்மாவோட ஊட்டுக்காரரு அவங்க தாய்மாமனாமே. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தா."

"எப்பலேந்து?"

"வகுப்புல சேர்ந்த புதுசுலேந்து."

"சொல்லவே இல்லியே."

"அவங்க ஊட்டு விஷயம் அத்தா."

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். கை கழுவும்போது, "ஹால் டிக்கெட் வந்தா எடுத்துக் குடு. பாத்துக்கலாம்" என்றார்கள். நேற்று வந்தது. நான் போகிறேன்.

ஆனால் உங்களோடு இல்லை. அது அத்தா போட்ட நிபந்தனை. பெரியம்மாவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அன்வர் மச்சான் லீவு போட்டுக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்று தானே சொன்னார். அந்தக் கார்டுக்குப் பிறகு அவர் என் எதிரில் வருவதே இல்லை. நானும் பார்த்தால் உள்ளே போய்விடுகிறேன். முன்பு அப்படி இல்லை. குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேலி பேசுவார். இப்போது என்னைப் பார்த்தால் உங்கள் வார்த்தை அவருக்கு ஞாபகம் வருகிறதோ என்று எனக்கும், எனக்கு ஞாபகம் வருகிறதோ என்று அவருக்கும். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள். நீங்கள் அனுப்பும் தாள்கள் போதாது அக்கா. கணக்கு வருகிறது, வேகம் வரவில்லை. கடிகாரம் வைத்து நாலு பேரோடு உட்கார்ந்து போட்டால்தான் அது வரும். இருந்தாலும் அனுப்புங்கள்.

பரீட்சை அன்று என்னைப் பார்த்தால் பேச வேண்டாம். மச்சான் நிற்பார்.

ஷம்ஷாத்


வேம்புலி அம்மன் துணை

பருத்திப்பட்டு
5.12.1988

ஷம்ஷாத்துக்கு,

மூன்று மாதமாக எழுதாமல் இருந்தேன். பேச வேண்டாம் என்று நீ சொன்னதில் எழுதுவதும் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

நேற்றுப் பேப்பர் பார்த்திருப்பாய். என் நம்பர் இருக்கிறது. அடுத்த நம்பர் இல்லை.

இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒரே தபாலாபீஸில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டோமே, அப்போது அடுத்தடுத்த நம்பர் வரும் என்று நினைக்கவில்லை. பரீட்சை அறையில் என் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்த பிறகு, பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அது நீ என்று திரும்பாமலேயே தெரிந்தது. சூப்பர்வைசர், "ஷம்ஷாத், ஃபாதர் நேம் சாதுல்லா?" என்று கேட்டார். நீ "ஆமா" என்றாய். இரண்டு மாதத்துக்குப் பிறகு உன் குரலை அப்போதுதான் கேட்டேன்.

அங்கே நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ரீசனிங் தாளை முடித்துவிட்டேன், இன்னும் நேரம் இருந்தது. பின்னால் நீ தாளைப் புரட்டும் சத்தமே இல்லை, நீ நடுவிலேயே நிற்கிறாய் என்று புரிந்தது. விடைத்தாளை மேசையின் வலது ஓரத்துக்கு நகர்த்தி, என் கையை எடுத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தேன். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான். சாமி கும்பிடுகிறவள் செய்கிற காரியமா? அன்றைக்கு அது புண்ணியம் மாதிரியே தோன்றியது. நீ எட்டிப் பார்த்தாயா என்று இன்றுவரை தெரியாது. மணி அடித்துத் தாளை வாங்க வந்தபோது உன் கடைசிப் பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்தேன்.

வாசலில் அன்வர் பாஷா பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். உனக்குக் காப்பியோ டீயோ ஊற்றிக் கொடுத்தார். நான் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மறுபக்கமாகப் போய்விட்டேன்.

மாமா நேற்று அவரோடு வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார். "எங்க கெங்கா பேங்க்ல ஒக்காரப் போவுது" என்று டீக்கடையில் எல்லாம் சொல்லியிருக்கிறார். என்னால் அந்த மிட்டாயை வாயில் வைக்க முடியவில்லை. நீ இழந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்து வேகம் பழகினேன். இது என் நம்பர் இல்லை என்றே தோன்றுகிறது.

இன்டர்வியூவுக்கு நான் போகப் போவதில்லை. அம்மன்மேல் சத்தியமாக முடிவு செய்துவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இதற்குப் பிறகாவது என்னை மன்னிப்பாயா?

கெங்கம்மாள்


786

பூந்தமல்லி
11.12.1988

கெங்கம்மாள் அக்காவுக்கு,

பேப்பரைப் பார்த்தேன். அத்தாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "இல்லியா? சரி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்கள். இன்றைக்கும் போயிருக்கிறார்கள்.

உங்களால்தான் போயிற்றா என்றால், ஆமாம். நாலு பேரோடு உட்கார்ந்து பழகியிருந்தால் அந்தக் கடைசிப் பக்கத்தைப் போட்டிருப்பேன். இல்லை என்று சும்மா சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இன்னும் இல்லை. என்றைக்கு வரும் என்றும் தெரியவில்லை.

தாளை நீங்கள் ஓரமாகத் தள்ளியதைப் பார்த்தேன். உடனே கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டிருந்ததில் இரண்டு கேள்வி போயிற்று. சூப்பர்வைசர் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் எழுப்பியிருப்பார். அடுத்த நாள் எங்கள் வீட்டுக் குழாயடியில் அதுவும் பேச்சாகியிருக்கும். அக்கா, உங்களுக்கு மனம் வருந்தினால் உடனே எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏதாவது செய்துவிடுகிறீர்கள். இன்டர்வியூவுக்குப் போகாமல் இருப்பதும் அதே மாதிரிதான். நீங்கள் போகவில்லை என்றால் ஏன் என்று ஊர் கேட்கும். நீங்கள் காரணம் சொல்வீர்கள். அதில் என் பெயர் வரும். எனக்காக நீங்கள் வேலையை விட்டதாக நான் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது. உங்கள் அம்மனிடம் நீங்களே பேசி அந்தச் சத்தியத்தை எடுத்துவிடுங்கள்.

நிக்காஹ் அடுத்த மாதம். பத்திரிகை உங்களுக்கு வராது, வருத்தப்படாதீர்கள். மச்சான் ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, ஜரினா கையில் கொடுத்து அனுப்பினார். நேரில் கொடுக்க இன்னும் கூச்சம். பூர்த்தி செய்துகொண்டிருக்கிறேன். ஜரினா மறுபடி டைப்புக்குப் போகிறாள், இங்கேயே பூந்தமல்லியில்.

நீங்கள் இன்டர்வியூவில் தேறிவிடுவீர்கள். எந்தக் கிளையில் போடுவார்களோ தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அத்தா மாதிரிப் படிக்கத் தெரியாதவர்கள் கவுன்டருக்கு வருவார்கள். பாஸ் புத்தகத்தை நீட்டி, எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து, அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

ஷம்ஷாத்